கைமாற்று

கூரை வேய்தல் என்று நூல்கள் எழுதும். எங்கள் ஊரில் அதைப் ‘புரை மேய்தல்’ என்பார்கள். புரை என்றால் வீடு. வெளியூரிலிருந்து வந்த சம்பந்தி ஒருவர், “நாளைக்கு எங்கள் வீட்டில் புரை மேய்ச்சல்” என்று சொல்லக் கேட்டு, எந்த மாடு எதை மேயப்போகிறது என்று விழித்த கதை எங்கள் பக்கத்தில் இன்றும் சொல்லிச் சிரிக்கப்படுவதுண்டு. வகரமும் மகரமும் ஒன்றற்கொன்று இடம் கொடுப்பது தமிழுக்குப் புதிதன்று. வேய், மேய் என்னும் இரண்டு வினைகளும் மூடுதல் என்ற பொருளில் அகராதியில் இடம் பெற்றவையே. மலையாளத்திலும் ‘மேயுக’ என்பதே வழக்கு.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் பாணன் செல்லும் வழிநெடுக எத்தனை கூரைகள்! எயினர் குடிசைக்கு ஈந்தின் இலை. வலைஞர் குடிலுக்குத் தருப்பைப் புல். தோப்புகளிடையே வாழும் உழவர் மனைக்குத் தென்னையின் காய்ந்த மடல். கூரையைக் கண்டே நிலத்தையும் தொழிலையும் சொல்லிவிடலாம் போலும். ஆனால், அந்த மடல்களை அடுக்கிக் கட்டிய கைகள் எத்தனை, அவை யாருடைய கைகள் என்று எண்ணிப் பார்க்கும் எண்ணம் எனக்கு வகுப்பறையில் வந்ததில்லை. என் வீட்டுக் கூரையை நானும் நண்பர்களுமாக மாற்றிய நாட்களிலேயே அது வந்தது.

மார்த்தாண்டத்திலிருந்து தேங்காய்ப்பட்டணம் செல்லும் சாலையில் உள்ளது எங்கள் புதுக்கடை. வரலாறு படித்தோர் அதைத் தெற்கெல்லைப் போராட்டத்தோடு சேர்த்து அறிவர். தமிழகத்தோடு இணையக் கோரியவர்கள்மீது 1954 ஆகஸ்டு 11 அன்று துப்பாக்கிச்சூடு நடந்து உயிர்கள் பலியான ஊர் இது. 1956 நவம்பர் 1 அன்று எல்லைக்கோடு மாறியது. கூரைமேல் வழங்கும் சொற்கள் மட்டும் எந்த எல்லைக்கும் கட்டுப்படவில்லை. முகட்டிலிருந்து சுவரை நோக்கிச் சாய்ந்து இறங்கும் மரத்தைக் கழுக்கோல் என்கிறோம். அதன் குறுக்கே ஓடு தொங்குவதற்காக அடிக்கும் மெல்லிய சட்டத்தைப் பட்டியல் என்கிறோம். தென்மேற்குப் பருவமழையை இடவப்பாதி என்று சொன்னால்தான் எங்கள் பாட்டிமார்க்குப் புரியும்.

1970களில், நான் சிறுவனாக இருந்தபோது, எங்கள் வீடு ஓலை வீடு. மாசி பங்குனியில் தென்னோலைகளைக் குளத்தில் ஊறப்போடுவார்கள். ஊறிய ஓலையின் நாற்றம் தெருவெங்கும் வீசும். பெண்கள் முற்றத்தில் வரிசையாக அமர்ந்து முடைந்து, வெயிலில் உலர்த்தி அடுக்குவார்கள். இடவப்பாதிக்கு முன்பாக ஒரு நாள் குறிக்கப்படும். அன்று விடியும் முன்பே பத்துப் பதினைந்து பேர் முற்றத்தில் நிற்பார்கள். பழைய ஓலையைப் பிரிக்கப் பிரிக்கத் தேளும் பூரானும் எலிக்குஞ்சும் உதிரும். உச்சிப்பொழுதுக்குள் வீடு முழுவதும் வானம் பார்த்து நிற்கும்; அந்தி சாயும் முன் அதை மூடியாக வேண்டும். கோழி கூவும்போது தொடங்கி விளக்கேற்றும்போது முடிந்துவிடும் இந்த வேலைக்கு யாரும் கூலி பெற்றதில்லை. மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வயிறு நிறைய உண்டு. நடுவில் கட்டன்சாயா உண்டு. அவ்வளவே. அடுத்த வாரம் அவர்களில் ஒருவர் வீட்டு முறை வரும். என் தந்தையார் வெட்டுக்கத்தியும் கயிறுமாகப் புறப்பட்டுப் போவார்.

வட்டியின்றி, எழுத்தின்றி, சாட்சியின்றிக் கொடுத்து வாங்கும் சிறு கடனைக் ‘கைமாற்று’ என்கிறோம். பணத்திற்கு மட்டுமே அச்சொல்லை வைத்துக்கொண்டோம். ஓலைக் கூரையின் கீழ் வாழ்ந்தோர் ஆண்டுதோறும் செய்துகொண்டது உழைப்பின் கைமாற்று. ஓலை ஓராண்டுக்குமேல் தாங்காது என்பதால் அந்தக் கணக்கும் ஓராண்டுக்குமேல் தீர்ந்து கிடந்ததில்லை. பக்கத்து வீட்டோடு முகம் கொடுத்துப் பேசாதவர்கள்கூட வைகாசிக்கு முன் பேசியாக வேண்டியிருந்தது.

பின்னர் ஓடு வந்தது. எங்கள் வீட்டுக்கு அது 1979இல் வந்தது; நாட்டுக்கு எப்போதோ வந்துவிட்டது. 1865இல் மங்களூரில் பாசல் மிஷனைச் சேர்ந்த பிளெப்ஸ்ட் என்னும் ஜெர்மானியர் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்தே மேற்குக் கரையெங்கும் இந்த ஓடு பரவிற்று. நேத்திராவதி ஆற்றங்கரைக் களிமண் அதற்கு வாய்ப்பாக அமைந்தது. எந்த ஊரில் செய்தாலும் அது மங்களூர் ஓடு என்றே பெயர் பெற்றது. ஆனால், நம் திருவிதாங்கூர்ப் பகுதியில் ஓடு வெறும் ஓடாக மட்டும் இருந்ததில்லை. ஒடுக்கப்பட்ட சாதியினர் தம் வீட்டுக்கு ஓடு போட உரிமையற்றிருந்த காலம் ஒன்று இங்கே இருந்தது. குடை பிடிக்கவும், செருப்பு அணியவும், மேலாடை அணியவும் தடை இருந்த அதே காலம் அது. ஓடு போட்ட முதல் நாள் எங்கள் தெருக்கிழவர் ஒருவர் முற்றத்தில் நின்று வெகுநேரம் மேலே பார்த்துக்கொண்டிருந்ததன் பொருள் சிறுவனாகிய எனக்கு அன்று விளங்கவில்லை.

மானம் தந்த அந்த ஓடு கைமாற்றைக் குறைத்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஓடு நல்லதாயின் நாற்பது ஐம்பது ஆண்டு கிடக்கும். ஆண்டுக்கொரு முறை உடைந்த ஓட்டை மாற்ற ஓர் ஆள் போதும். அவருக்குக் கூலி கொடுத்து அனுப்பிவிடலாம். அதன்பின் வளைகுடாப் பணம் வந்து கான்கிரீட் தளம் எழுந்தபோது அந்த ஓர் ஆளும் தேவையற்றவரானார். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. மழைக்கு நடுங்கி வாழ்ந்தவர்கள் நடுங்காமல் வாழ விரும்பியது நியாயமே. நடுக்கம் போனபோது அதனோடு வேறு ஒன்றும் போயிற்று என்பது மட்டுமே என் கணக்கு.

2017 நவம்பர் 30, வியாழக்கிழமை. ஒக்கிப் புயல் குமரி முனையை ஒட்டிக் கடலில் கடந்து சென்றது. கரையைக் கடக்காமலே அது செய்த அழிவை இம்மாவட்டத்தார்க்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. ரப்பர் மரங்கள் இடுப்பொடிந்தும், வாழைத்தோட்டங்கள் பாய் விரித்தாற்போலும் கிடந்தன. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. எங்கள் வீட்டின் பின்புறத்தில் என் பாட்டனார் வைத்த பலாமரம் வேரோடு பெயர்ந்து அடுக்களைமேல் விழுந்தது. முகட்டு உத்தரம் முறியவில்லை. ஆனால் ஒருபக்கக் கழுக்கோல்கள் ஏழு ஒடிந்தன. ஓடுகளில் மூன்றில் ஒரு பங்கு நொறுங்கிற்று. அம்மா அப்போது முன்னறையில் இருந்தார்கள். அவர்களுக்குச் சிறு கீறலும் இல்லை என்பதை இறைவன் அருள் என்றே இன்றும் நினைக்கிறேன்.

தார்ப்பாய் கட்டினோம். துலாமழை முடிந்துவிடவில்லை, ஒவ்வொரு மாலையும் மேற்கே கருக்கும். மாவட்டம் முழுவதும் கூரை இழந்து கிடந்ததால் தச்சரும் கிடைக்கவில்லை, ஓட்டுவேலைக்காரரும் கிடைக்கவில்லை. கிடைத்த ஒருவர் பொங்கலுக்குப் பிறகு நாள் சொன்னார். வளைகுடாவிலிருந்த தம்பி தொலைபேசியில், “எல்லாவற்றையும் இடித்துத் தள்ளிக் கான்கிரீட் போட்டுவிடலாம் அண்ணா, பணம் அனுப்புகிறேன்” என்றான். அவன் சொன்னதில் அன்பு இருந்தது. ஆனால் சுவர்கள் மண்சுவர்கள். கான்கிரீட் தளத்தின் பாரத்தை அவை ஏற்கமாட்டா. தளம் வேண்டுமாயின் வீட்டையே அடியோடு மாற்ற வேண்டும். அதற்கு ஓராண்டாகும், அதுவரை அம்மா வாடகை வீட்டில் இருக்க வேண்டும். எழுபத்தெட்டு வயதில் அவர்கள் அந்த வாசலைவிட்டு இறங்கினால் திரும்பி ஏறுவார்களா என்ற அச்சம் எனக்கு இருந்தது. அம்மா வாதிடவில்லை. தார்ப்பாய் படபடக்கும் அடுக்களையில், ஒரு மூலையில் அடுப்பைத் தள்ளி வைத்துக்கொண்டு, தம் போக்கில் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தார்கள். அதுவே அவர்கள் பதிலாக இருந்தது.

முதலில் வந்தவர் பால்வெட்டும் நண்பர். அவர் வெட்டும் தோட்டம் முழுவதும் சாய்ந்துபோனதால் வேலையற்றிருந்தார். அவர்வழி ஆட்டோ ஓட்டும் ஒருவர், அரையாண்டு விடுமுறையிலிருந்த பள்ளியாசிரியர் ஒருவர், பக்கத்துத் தெரு இளைஞர் நால்வர். இவர்களில் யாருக்கும் ஓட்டுவேலை தெரியாது. தெரிந்தவர் ஒருவரே, எங்கள் வீட்டுக்கு 1979இல் மரம் கூட்டிய மூத்த ஆசாரி. எண்பதை நெருங்கிய அவரால் ஏணியில் ஏற முடியாது. முற்றத்தில் நாற்காலி போட்டு அமர்ந்தார். “மக்களே, எங்கே சவிட்டணும்ணு தெரியாதவன் மேலே ஏறப்படாது” என்பது அவருடைய முதற்பாடம். பட்டியல் ஓடும் வரிசையில் மட்டுமே கால் பதிய வேண்டும். ஓட்டின் நடுவயிற்றில் மிதித்தால் ஓடும் போகும், ஆளும் போவான்.

விழுந்த பலாவையே அறுத்துக் கழுக்கோல் செய்யலாம் என்றோம். தலையசைத்து மறுத்தார். பச்சை மரம் காயும்போது முறுக்கும். அதன்மேல் கிடக்கும் ஓடுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும். அறுத்து அடுக்கி நிழலில் காயவிடுங்கள், பின்னொரு நாள் கதவுக்கு ஆகும் என்றார். கருங்கல் பக்கத்தில் இடிபட்டுக்கொண்டிருந்த ஒரு பழைய வீட்டிலிருந்து, வைரம் பாய்ந்த பனங்கழுக்கோல்கள் பன்னிரண்டு வாங்கினோம். கறுத்து இறுகி, கோடரி பட்டால் கணீரென்று ஒலித்த மரங்கள் அவை.

ஓடு தேடியது தனிக்கதை. புது ஓடு வாங்கினால் போதாதா என்று கேட்பீர்கள். மங்களூர் ஓட்டின் இரு பக்கத்திலும் பள்ளமும் மேடுமாக வரம்பு உண்டு. ஒன்றின் மேடு அடுத்ததன் பள்ளத்தில் அமர்ந்தாலே மழைநீர் உள்ளே வராது. தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை அந்த வரம்பு நூலளவு மாறும். எங்கள் ஓட்டின் முதுகில் கொல்லத்துத் தொழிற்சாலை ஒன்றின் முத்திரை இருந்தது. அதே முத்திரையுள்ள ஓட்டைத் தேடி முஞ்சிறை, கருங்கல், குழித்துறை என்று ஆட்டோவிலேயே அலைந்தோம். கடைசியில், பனங்கழுக்கோல் வாங்கிய அதே வீட்டின் கொல்லையில் நானூறு ஓடுகள் அடுக்கிக் கிடக்கக் கண்டோம். தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்த தோப்பில் முகமது மீரானுக்கு 1997ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றுத்தந்த சாய்வு நாற்காலியில், ஒரு பழைய குடும்பத்தின் மரச்சாமான்கள் ஒவ்வொன்றாக விலையாகி வெளியேறும். இடிபடும் வீட்டின் முன் நின்று விலை பேசியபோது அந்த நாவலே நினைவில் நின்றது. ஒரு வீட்டின் முடிவிலிருந்துதான் எங்கள் வீட்டுக்குத் தலைமறைவு கிடைத்தது.

டிசம்பர் கடைசி வாரத்தில் மூன்று நாட்கள் குறித்தோம். முதல்நாள் காலை, எதிர்பாராத ஒருவர் வந்து நின்றார். கல்லூரியில் என்னோடு படித்து, பட்டத்தைப் பெட்டியில் வைத்துவிட்டுக் கடலுக்குத் திரும்பிய நண்பர். தூத்தூர்ப் பக்கத்துக் கடற்கரையைச் சேர்ந்தவர். அவருடைய விசைப்படகு பழுதுபார்க்கக் கரையேறியிருந்ததால் புயல் நாளில் அவர் கரையில் இருந்தார். அவருடைய தங்கையின் கணவர் கரையில் இல்லை. நவம்பர் நடுவில் ஆழ்கடலுக்குப் போன படகு திரும்பவில்லை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று அந்தக் கரை முழுவதும் அப்போது காத்திருந்தது. அவ்வாண்டு கிறிஸ்துமஸுக்கு அவர் தெருவில் ஒரு நட்சத்திர விளக்கும் தொங்கவில்லை.

“நீங்கள் இங்கே வரலாமா?” என்று கேட்டேன். “அங்கே இருந்தால் கடலைத்தான் பாக்கணும்” என்றார். வேறொன்றும் பேசவில்லை. சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுக் கயிற்றைக் கையிலெடுத்தார்.

அவர் வந்தபின் வேலையின் நடையே மாறிற்று. முகட்டிலிருந்து இரு பக்கமும் கயிறு இறக்கி, மேலே ஏறுவோர் இடுப்பில் கட்டிக்கொள்ள முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். இழுத்தால் இறுகி, ஒரு விரலால் அவிழும் முடிச்சு. பிற்பகல் காற்றில் எங்களுக்குக் கால் நடுங்கிய முகட்டில் அவர் தெருவில் நடப்பதுபோல் நடந்தார்.

சுமார் 800 சதுர அடிக் கூரை. நூறு சதுர அடிக்கு ஏறத்தாழ 150 ஓடு என்பது கணக்கு. ஆக 1,200 ஓடுகள். ஓர் ஓடு இரண்டரைக் கிலோ எனக் கொண்டால் மூன்று டன். அவ்வளவையும் கீழே இறக்கித் தேங்காய் நாரால் பாசியைத் தேய்த்துக் கழுவி மறுபடி மேலேற்ற வேண்டும். கழுவிய ஓட்டை விரல்முட்டியால் தட்டிப் பார்ப்பது அம்மாவின் பொறுப்பாயிற்று. கணீரென்றால் நல்லது, பொத்தென்றால் உள்ளே விரிசல். திண்ணையில் அமர்ந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓடுகளைத் தட்டி, அவர்கள் தள்ளியது நூற்றிருபது. ஒன்றிரண்டை ஆசாரி ஐயத்தோடு மறுபடி தட்டிப் பார்த்து, “அம்மை சொன்னது சரிதான்” என்று தள்ளி வைத்தார்.

இரண்டாம் நாள் மரவேலை. கரையான் தின்றிருந்த சுவர் உத்தரத்தின் ஒரு முனையை அறுத்துவிட்டு அயனி மரத்தில் ஒட்டுப் போட்டோம். ஆசாரி முழக்கோலால் அளந்து குறிக்க, பால்வெட்டும் நண்பர் உளி பிடித்தார். நூலிழையாக மரப்பட்டையைச் சீவிப் பழகிய கை, எவ்வளவு ஆழம் வெட்ட வேண்டும் என்பதைச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பட்டியல்களுக்கிடையே பன்னிரண்டரை அங்குலத்திற்குச் சற்று மிகுதியாக இடைவெளி வேண்டும். ஒரு குச்சியை அந்த அளவுக்கு வெட்டிப் பள்ளியாசிரியர் கையில் கொடுத்துவிட்டார் ஆசாரி. அவர் அன்று முழுவதும் விடைத்தாள் திருத்துவதுபோல ஒவ்வொரு வரிசையையும் சரிபார்த்துக்கொண்டே வந்தார். நான்கு ஆணிகளைப் பிடுங்கவும் வைத்தார்.

மூன்றாம் நாள் ஓடு ஏறிற்று. முற்றத்திலிருந்து ஏணி வழியாக முகடு வரை ஒன்பது பேர் வரிசையாக நின்றோம். ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு ஓடு மாறி மாறி மேலே போயிற்று. இறவாரத்தில் தொடங்கி முகட்டை நோக்கி வரிசை வரிசையாக அமர்ந்தது. சிறிது நேரத்தில் எல்லாருடைய கைகளும் ஒரே தாளத்துக்கு வந்துவிட்டன. வாங்கும்போதே கொடுக்கத் திரும்புகிற தாளம். தெருவில் போன ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியின் நடுவில் நுழைந்து, ஒருமணி நேரம் நின்று, பெயர்கூடச் சொல்லாமல் போனார். அடுக்களைமேல் இரண்டு கண்ணாடி ஓடுகளை வைத்தோம். அம்மாவின் அடுப்புக்கு வெளிச்சம் வேண்டும் என்று அவற்றைத் தேடிக் கொண்டுவந்தவர் ஆட்டோக்காரர்.

மூன்று நாளும் மரச்சீனிக் கிழங்கும் கஞ்சியும் பயறும் காந்தாரி மிளகாய்த் துவையலுமே உணவு. புரை மேய்ச்சலுக்கு மீன்கறி இல்லாத சாப்பாடு எங்கள் வீட்டில் அதுவே முதல் முறை. அம்மா மீன் வாங்கச் சொல்லவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கடற்கரை நண்பர் தட்டைக் கழுவி வைக்கும்போது அம்மாவை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

மாலையில் முகட்டு ஓடுகளைச் சாந்து வைத்துப் பதித்து முடிக்கும்போது மேற்கே இருண்டது. தூறல் விழுந்தது. எல்லாரும் அடுக்களைக்குள் கூடி நின்று அண்ணாந்து பார்த்தோம். ஓரிடத்தில் மட்டும் ஒரு துளி திரண்டு, நெடுநேரம் தொங்கி, விழுந்தது. ஆசாரி அந்த இடத்தைக் கைத்தடியால் சுட்டிக் காட்டினார். இளைஞன் ஒருவன் மழையிலேயே ஏறி, விலகிக் கிடந்த ஓட்டைத் தட்டி அமர்த்திவிட்டு வந்தான். ஆசாரிக்கு அவர் கேட்ட கூலியைக் கொடுத்தேன். வாங்கி எண்ணி மடியில் வைத்துக்கொண்டார். மற்றவர்களிடம் பணத்தைப் பற்றி வாயெடுக்கவே முடியவில்லை. “எங்க வீட்டுத் தொழுத்து கிடக்கு, அதுக்கு வா” என்றார் பால்வெட்டும் நண்பர்.

அவர் மாட்டுத்தொழுவத்துக்கு ஜனவரியில் போனோம். ஆட்டோக்காரரின் மாமியார் வீட்டுக்கு மாசியில் போனோம். பள்ளியாசிரியர் வீடு கான்கிரீட் வீடு. அவருக்கு இன்றளவும் கடன்பட்டிருக்கிறோம். இடவப்பாதி வருவதற்குள் ஐந்து கூரைகளில் ஏறி இறங்கியிருந்தோம். ஆசாரியின் நாற்காலியும் எங்களோடு ஆட்டோவில் ஊர் சுற்றிற்று.

கடற்கரை நண்பரின் வீட்டிலும் எங்களுக்கு ஏற வேண்டிய கூரை இல்லை. பிப்ரவரியில் ஒருநாள் அவர் ஒரு கட்டுக் காகிதங்களோடு வந்தார். தங்கை கணவருக்காக எழுத வேண்டிய விண்ணப்பங்கள். “நீ தமிழ் நல்லா எழுதுவியே” என்றார். புதிய கூரையின் கீழே அமர்ந்து எழுதினேன். பெயர், தந்தை பெயர், வயது, படகின் பதிவெண், கரையிலிருந்து புறப்பட்ட நாள், உடன் சென்றவர்கள் என்று வரிசையாக எழுதிவந்தேன். இறந்த நாள் என்ற இடத்தில் பேனா நின்றது. அவரும் பேசவில்லை. அம்மா கட்டன்சாயா கொண்டுவந்து வைத்துவிட்டு, அருகிலேயே அமர்ந்தார்கள். வெகுநேரம் கழித்து அவர், “புயல் நாளையே போடு” என்றார். 30.11.2017 என்று எழுதினேன். மூன்று படிகள் எடுக்க வேண்டியிருந்தது. மூன்றையும் கையாலேயே எழுதினேன்.

எழுதி முடித்ததை மடித்து உறையிலிட்டுக்கொண்டவர், எழுந்து நின்று மேலே பார்த்தார். முகட்டின் கீழ் இரண்டாம் வரிசையில் ஓர் ஓடு பட்டியலைவிட்டுச் சிறிது நழுவியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை தாமே வந்து ஏறி அதைச் சரிசெய்துவிட்டுப் போனார்.